"கனடா பார்ட்டி": வளசரவாக்கத்தில் ஒரு வெளிப்பதிவுக் குடும்பம்

2008 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து சுற்றுலா விசாவில் சென்னை வந்திறங்கிய நான்கு பேர்: முப்பத்து நான்கு வயதுத் தாய், அவருடைய மாமியார், பதினோரு வயது மகள், ஆறு வயது மகன். இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு உதவும் எங்கள் தொண்டு அலுவலகத்தில் இது இன்னும் மூடாத கோப்பு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்கு முதலில் இதைத்தான் படிக்கக் கொடுக்கிறோம். முகாமுக்கு வெளியே இருக்கும் குடும்பம் என்றால் வசதியான குடும்பம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். போனவர்கள் போக, அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி சுமார் 58 ஆயிரம் பேர் முகாம்களிலும், 34 ஆயிரம் பேர் வெளியிலும் இருந்தார்கள். படகில் ராமேசுவரம் பக்கம் கரையேறியவர்கள் பெரும்பாலும் மண்டபம் இடைத்தங்கல் முகாம் வழியாக மற்ற முகாம்களுக்குப் போனார்கள். விமானத்தில் வந்து வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டார்கள். இவர்கள்தான் வெளிப்பதிவு. முகாமில் இருப்பவருக்கு மாதாமாதம் அரசு தரும் பணக்கொடை, ரேஷன் அரிசி, கூரை உண்டு. கூடவே தணிக்கை, கியூ பிரிவு (உளவுப் போலீஸ்), மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற கெடுபிடியும் உண்டு. வெளிப்பதிவுக்குப் பணக்கொடை கிடையாது. விமானத்துக்குக் காசு இருந்ததே, வாடகைக்குக் காசு இருக்கிறதே, பிறகென்ன என்பது கணக்கு. அரசுக்கு மட்டுமில்லை, எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் அதே கணக்குதான். 1991க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களை முகாம்களுக்குள் விடாமலே வைத்திருந்தார்கள். மறுபடி கதவு திறந்தபோது எல்லோருடைய கவனமும் அங்கே போனது இயல்பு. வளசரவாக்கம், போரூர், ஐயப்பன்தாங்கல் பக்கத்து மாடிப் போர்ஷன்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தமிழ் பேசுகிறவர்கள்தானே, பக்கத்து வீட்டில் கேட்டுச் சமாளித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

வந்த கதை

அக்காவின் புகுந்த வீடு வலிகாமம் வடக்கு. (அந்தத் தாயை நாங்கள் எல்லோரும் அக்கா என்றும் அவருடைய மாமியாரை மாமி என்றும் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) 1990இல் அந்தப் பகுதி மொத்தமும் வெளியேறி, காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பதினாறு வருடம் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே வாடகை வீடும் சொந்தக்காரர் வீடுமாக மாறி மாறி இருந்தார்கள். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டதும் கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்பு. கணவருக்கு அங்கே ஒரு கடையில் கணக்கு வேலை. 2007இல் ஒருநாள் காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வெள்ளை வானில் வந்து ஆட்களைக் கடத்திப்போன காலம் அது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. தடுத்தாலும், இனி இங்கே இருக்க முடியாது என்று மாமி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அக்காவின் தம்பி டொரன்டோவில் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, வளசரவாக்கத்தில் முதல் மாடியில் ஒரு போர்ஷன் அவர் அனுப்பிய பணத்தில்தான் கிடைத்தது. வீட்டு உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"கனடாவில நிக்கிறார்" என்றார் அக்கா.

காணாமற்போனவர் என்று சொன்னால் வீடு கிடைக்காது. கேள்விக்கு மேல் கேள்வி வரும். தனியாக இரண்டு பெண்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் பார்வையும் வேறு மாதிரி இருக்கும். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பதில் தெரு முழுக்கப் போய்விட்டது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாடகை ஏறியது, "டாலர்ல வருதுல்ல" என்ற விளக்கத்தோடு. அந்தப் பகுதியில் நாங்கள் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு தன்னார்வலர் அவர்கள் தாளின் ஓரத்தில் இப்படிக் குறித்திருந்தார்: "கனடா பார்ட்டி. உதவி தேவையில்லை."

தம்பி அனுப்பிய பணம் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாக இருந்தது. ரேஷன் அட்டை இல்லாததால் மண்ணெண்ணெய் வெளிவிலை. கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும், அதுவும் இல்லை. விசா காலம் முடிந்ததும், பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தம்பியின் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த பணப் பரிமாற்றக் கடையும் கையை விரித்துவிட்டது.

இரண்டு டப்பா

உண்மை வெளியே வந்தது பள்ளிக்கூடத்தில். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது கையில் யாழ்ப்பாணத்துப் பள்ளியின் விடுகைப் பத்திரம் (டி.சி.) இல்லை, இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1ஆம் தேதி. இன்றைக்கென்றால் வயதுச் சான்றோ டி.சி.யோ இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டத்தைக் காட்டிப் பேசலாம். அன்றைக்கு அந்தத் தலைமையாசிரியையின் மனம்தான் சட்டம். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கொடுத்தார், தாயிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்.

உறவினர்கள் மெட்ரிக்குலேஷன் பள்ளிதான் வேண்டும் என்று நின்றார்கள். தமிழ் வழி அரசு உதவி பெறும் பள்ளி என்று அக்கா எடுத்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இலங்கையில் தமிழில் படித்த பிள்ளையைத் திடீரென்று ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கச் சொன்னால் இரண்டு வருடம் வீணாகும். தமிழ் வழியிலேயே தடுமாற்றம் இல்லாமல் இல்லை. முதல் பரீட்சையில் அந்தப் பெண் இரசாயனவியல், பௌதிகவியல் என்று எழுதி வைக்க, திருத்திய டீச்சர் சிவப்பு மையில் வேதியியல், இயற்பியல் என்று திருத்தி மதிப்பெண்ணைக் கொடுத்திருந்தார். அந்த விடைத்தாளை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

சில மாதம் கழித்துத் தலைமையாசிரியை எங்களுக்குப் போன் செய்தார். "உங்க கனடாக்காரங்க பொண்ணு சத்துணவு வரிசையில ரெண்டு டப்பாவோட நிக்குது. முட்டை போடற நாள்ல ஒரு டப்பாவைத் திறக்கவே மாட்டேங்குது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகுது. போய் என்னன்னு பாருங்க."

போய்ப் பார்த்தோம். மாமிக்குச் சர்க்கரை நோய், மாத்திரை வாங்கக் காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் வேலையாக அவரைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஓ.பி. சீட்டுக்கு யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. இந்த நகரத்தில் தாள் கேட்காமல் கதவு திறக்கும் இடங்களில் அரசு மருத்துவமனை ஒன்று. புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. தனியார் கிளினிக்கில் கடன் வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

ரைட்டர் மேசை

அடுத்தது பதிவு. விசா முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஏன் போகவில்லை என்று கேட்டால், "பொலிசுக்குப் போனா செங்கல்பட்டில போட்டிடுவினம் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம் பிள்ளை" என்றார் அக்கா. வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. செங்கல்பட்டுச் சிறப்பு முகாம் என்பது பெயரில்தான் முகாம், உள்ளே இருந்தவர்களுக்கு அது சிறை. ஆனால் வழக்கு எதுவும் இல்லாத ஒரு குடும்பம் தானாக வந்து பதிவு செய்வது வேறு. பதிவு செய்யாமல் இருந்து பிடிபடுவதுதான் ஆபத்து. இதைப் புரியவைக்கவே பல நாள் ஆனது. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதி என்று தனியாக ஒரு சட்டமும் இங்கே இல்லை. காவல் நிலையத்தில் கொடுக்கும் அந்தப் பதிவுத் தாளுக்கு மேல் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் கேட்டார்கள். உரிமையாளர் மறுத்தார். "போலீஸ் விவகாரமெல்லாம் நமக்கு வேணாம்மா, வேணும்னா காலி பண்ணிக்குங்க." ஸ்டேஷன் ரைட்டர் அனுபவஸ்தர். போனை எடுத்து, வெளிநாட்டவருக்கு வீடு விட்டால் அதைத் தெரிவிக்கும் சி படிவம் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை, இத்தனை நாளாகக் கொடுக்காதது யார் தவறு என்று மெதுவாகக் கேட்டார். அன்று சாயங்காலமே கடிதம் வந்தது. போலீஸுக்குப் பயந்து மறுத்தவர், அதைவிடப் பெரிய பயத்தில் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை நிரப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "கணவர் இப்ப எங்க?" என்றார் ரைட்டர்.

அக்கா மேசையைப் பார்த்தபடி, "தெரியாது ஐயா" என்றார்.

"கனடான்னு ஹவுஸ் ஓனர் சொன்னாரே?"

"அது வீட்டுக்காக அவருக்குச் சொன்னது. ஆளைக் காணேல்ல. செஞ்சிலுவைச் சங்கத்திலயும் எழுதிக் குடுத்திட்டுத்தான் வந்தனாங்கள்."

ரைட்டர் பேனாவை மூடினார். "அப்ப நான் என்னம்மா எழுத? இருக்கார்னு எழுதணும், இல்ல இறந்துட்டார்னு எழுதணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அக்கா வாய் திறக்கவில்லை. மாமிதான் சொன்னார், "ரெண்டும் எழுத வேண்டாம் தம்பி." கொஞ்ச நேரம் யோசித்து, "காணவில்லை, கொழும்பு, 2007" என்று கட்டத்துக்கு வெளியே தள்ளி எழுதிக் கையெழுத்து வாங்கினார் ரைட்டர். கணவர் பற்றிய உண்மை ஒரு அரசுத் தாளில் ஏறியது அப்போதுதான். பல வருடம் கழித்து இந்த வரி பயன்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிழைப்பு

வேலை செய்ய அனுமதி என்று தனியாக ஒரு தாள் வெளிப்பதிவில் கிடையாது. வீட்டிலிருந்தே செய்யக்கூடியதைத்தான் பார்க்க முடியும். பழைய தையல் மிஷின் ஒன்று ஏற்பாடு செய்தோம். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பிறகு ஜாக்கெட். அதைவிட நன்றாகப் போனது மாமியின் மிளகாய்த்தூள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கருகாமல் வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணத் தூள். பக்கத்து ஈழக் குடும்பங்கள் முதலில் வாங்கின. ஆடி கழிந்து கல்யாண சீசனில் சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் தி.நகருக்குச் சேலையும் நகையும் எடுக்க வருகிறவர்கள் கிலோக்கணக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். தம்பி அனுப்பும் பணத்தைவிட அந்த மாதங்களில் தூள் வருமானம் அதிகம். கனடாக் காசு ஒருவழியாக உண்மையிலேயே வீட்டுக்கு வந்தது என்று அக்கா சிரிப்பார்.

2012, 13 வாக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏற்றிவிடுகிறேன் என்று தரகர்கள் இந்தப் பகுதியில் சுற்றினார்கள். மிஷினையும் நகையையும் விற்றால் மகனை மட்டுமாவது அனுப்பலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கா போகவில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 பேரை ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தது. கடைசியில் நவுருத் தீவு வரை கொண்டுபோனார்கள். கடல் பயணத்துக்கு எதிராக நாங்கள் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தச் செய்தி இந்தத் தெருக்களில் வேலை செய்தது.

இடையில் ஆதார் வந்தது, அதை வைத்து வங்கிக் கணக்கு வந்தது, சிலிண்டர் வந்தது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட 317 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 வீடுகள் என்பதெல்லாம் பெரிதும் முகாம்களுக்கானவை. அதே ஆண்டு கொரோனா நிவாரணமாக வெளிப்பதிவில் இருந்த 13,553 குடும்பங்களுக்குத் தலா 4,000 ரூபாய் கொடுத்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் இத்தனை வருடத்தில் இந்தக் குடும்பத்தை அரசு ஒரு பயனாளியாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் காவல் நிலையப் பதிவை வைத்து.

மாமி திரும்பினார்

2015க்குப் பிறகு வலிகாமம் வடக்கில் காணிகளைப் படிப்படியாக விடுவித்தார்கள். மாமி அதற்குமேல் சென்னையில் இருக்கவில்லை. "என்ர கிணத்தில ஒருக்காத் தண்ணி அள்ளிப்போட்டுச் சாகிறன்" என்பதுதான் அவருடைய வாதம், மறுபேச்சுக்கு இடமில்லை. தானாக விரும்பித் திரும்புகிறவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் விமானச் சீட்டும் சிறிய உதவித்தொகையும் ஏற்பாடு செய்தது. விசா முடிந்தபின் தங்கியிருந்த காலத்துக்கான வெளியேறும் அனுமதிக்கு சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டியிருந்தது மறுபடி அதே பதிவுத் தாள்.

ஊருக்குப் போனவர் மகனைத் தேடும் வேலையை விடவில்லை. இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சான்று தரும் சட்டம் இலங்கையில் 2016இல் வந்தது. இறப்புச் சான்றிதழ் வாங்கவே மாட்டேன் என்று நின்ற மாமி இதற்கு விண்ணப்பித்தார். அவர் இணைத்த ஆவணங்களில் சென்னைக் காவல் நிலையத்துப் படிவத்தின் நகலும் ஒன்று: காணவில்லை, கொழும்பு, 2007. காலம் தள்ளிப் புதிதாகச் சொல்லும் கதை இல்லை என்பதற்கு அந்த வரி உதவியது.

மகளின் கோப்பு

மகள் பி.காம். படித்தாள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்ட கல்லூரிகளை விட்டுவிட்டு, பதிவுத் தாளை ஏற்றுக்கொண்ட ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, கூடப் படித்த சென்னைப் பையனோடு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் குடும்பம் வேரூன்றி முடித்துவிட்டது. எங்கள் வேலை சிக்கியிருப்பது இங்கேதான்.

இந்தியக் குடிமகனை மணந்து ஏழு வருடம் இங்கே இருந்தவர் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. விசா முடிந்தபின் தங்கியவர் அந்த வரையறைக்குள் வருகிறார், பதினோரு வயதில் தாய் கூட்டிவந்த பிள்ளையாக இருந்தாலும். குடியுரிமைச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு இந்தத் தடையை நீக்கியது. இலங்கை அதில் இல்லை. குழந்தைக்கும் சிக்கல் உண்டு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதைப் பலரும் எங்களிடம் எடுத்துச் சொல்கிறார்கள். அது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கான விதி. இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். "பதிவு செய்துகொண்ட" என்ற சொற்களைப் படித்ததும் அன்றைய ரைட்டரை நினைத்துக்கொண்டேன். அன்று செங்கல்பட்டுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால் இன்று இந்த விலக்கு அவர்களுக்கு இல்லை. 2022 மார்ச் 22 அன்று பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கிய முதல் 16 பேருக்கும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தேதியே தாண்டிவிட்டது. தண்டனை விலகியதால் குடியுரிமை கிடைத்துவிடாது என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. விலக்கு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்த வாரமே, சிட்டிசன்ஷிப் கொடுத்துவிட்டார்கள் என்று லட்டு வாங்கியவர்கள் உண்டு.

வழக்கறிஞர் சொல்வது இதுதான்: குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிப்பதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். விசா முடிந்த தேதிக்கும் காவல் நிலையப் பதிவுத் தேதிக்கும் இடையில் உள்ள மாதங்களில் மகள் சிறுமி, முடிவெடுத்தவள் அவளில்லை என்பதை முன்வைத்து ஒரு மனு போடலாம். அதற்கு இணைப்பாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும், 2008ஆம் ஆண்டு வாடகை ஒப்பந்தமும் கேட்டிருக்கிறார். பள்ளி நகல் வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் அசல் வீட்டு உரிமையாளரிடம் இருந்தது. அவர் இப்போது இல்லை. அவருடைய மகன் பரணில் பழைய பெட்டிகளைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.